பெரட்டுத் தப்பும் தோட்டத்துக் கொம்பும்

ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களில், கடிகாரம் தொழிலாளரின் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, நாளைத் தொடக்கிவைக்கும் பொறுப்பு தோல்வாத்தியக்காரனிடமும் துளைவாத்தியக்காரனிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஹாலிஎலயைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும், ஸ்பிரிங்வெளி, தெமோதரை, நமுனுகுல முதலிய பகுதிகளிலும் முதலில் கோப்பியும், 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. அப்பயிர்களுக்காகத் திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார், அதாவது ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்து வேலையும் வாங்கிய தலைவர்கள், அழைத்துவந்த மக்களோடு தப்பும் கொம்பும் கடல் கடந்தன.

விடியுமுன் தொழிலாளர் வரிசையாக நின்று அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் கூட்டத்திற்குப் ‘பெரட்டு’ என்றும், அது கூடும் வெளிக்குப் ‘பெரட்டுக்களம்’ என்றும் பெயர். இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லே தோட்டத்து நாவில் இவ்வாறு திரிந்தது. பாசறையில் பியூகிள் ஊதிப் படைவீரரை எழுப்பும் வழக்கத்தின் நிழல் தேயிலை மலையிலும் விழுந்திருந்தது என்பதற்கு இச்சொல்லைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் பியூகிளின் இடத்தில் சில தோட்டங்களில் தப்பும், சிலவற்றில் கொம்பும் ஒலித்தன. லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகள் மலையின் மடிப்புகளில் சிதறிக் கிடந்தமையால், பனிமூட்டத்தை ஊடுருவிப் பள்ளத்தாக்கின் மறுகரையை எட்டும் ஓசை தோட்டத்தை நடத்திய துரைமாருக்குத் தேவைப்பட்டது. அதனை எழுப்பத் தெரிந்தவன் ஏற்கெனவே லயத்தில் இருந்தான்.

இசைக்கருவி என்ற வகையில் கொம்புக்கும் பியூகிளுக்கும் உள்ள உறவு மேலோட்டமானதன்று. இரண்டிலும் விரலால் மூடித் திறக்கும் துளைகள் இல்லை. ஊதுபவனின் உதடுகளே அதிர்ந்து குழலினுள் உள்ள காற்றை ஒலிக்கச் செய்கின்றன. மூச்சின் அழுத்தத்தையும் உதட்டின் இறுக்கத்தையும் மாற்றுவதாலேயே அந்தக் குழல் தரக்கூடிய சில சுரங்கள் மட்டும் பிறக்கின்றன. விலங்கின் கொம்பாகத் தொடங்கி, பின்னர் பித்தளை அல்லது வெண்கலத் துண்டுகளைப் பொருத்திப் பிறை வடிவில் செய்யப்பட்ட இக்கருவி மிகப் பழையது; மலைபடுகடாம் தன் தொடக்கத்தில் அடுக்கும் வாத்தியங்களுள் ‘கோடு’ என்று வருவது இதுவே. பறை என்றும் அழைக்கப்படும் தப்போ, வட்ட மரச்சட்டத்தில் தோல் போர்த்தி, ஒன்று நீண்டு மெலிந்ததும் மற்றொன்று குறுகித் தடித்ததுமான இரு குச்சிகளால் அடிக்கப்படுவது. ஈரம் மிகுந்த மலைக்காலையில் தோல் தளர்ந்துவிடுமாதலால், அதனை நெருப்பில் காட்டி இறுக்கிய பின்னரே அடிக்க முடியும். ஆகவே ஊரை எழுப்ப வேண்டியவன் ஊருக்கு முன்னே எழுந்து தீ மூட்ட வேண்டியிருந்தது.

அதே தப்பு மாரியம்மன் திருவிழாவிலும், மாசி மாதத்துக் காமன் கூத்திலும், சாவு வீட்டிலும் வெவ்வேறு அடிகளில் ஒலித்தது. ஓசையைக் கேட்டே நிகழ்ச்சியை அறிந்துகொள்ளும் செவி லயத்து மக்களுக்கு இருந்தது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் பொது இடங்களில் பறை, மேளம் முழக்குவதை உரிமச் சீட்டின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் தகும். வழிபாட்டிற்கு முழங்கினால் அனுமதி கேட்கச் செய்த அதே பிரித்தானிய ஆட்சியின் கீழ், வேலைக்கு அழைக்கும் முழக்கம் நாள்தோறும் கட்டளையின் பேரில் நடந்தது. அதிலும் கசப்பானது, தப்படித்தவரைத் தாழ்த்திவைத்த ஊர்ச் சாதிமுறை கடல் கடந்தும் கரையவில்லை என்பது. யாருடைய முழக்கமின்றித் தேர் நகராதோ, அவர் தேரை விட்டு விலகியே நிற்க வேண்டியிருந்தது.

இந்தத் தாழ்வுக்கு மாறாக, அமெரிக்காவில் முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்களைச் சார்ந்து வளர்ந்த முரசு–பியூகிள் அணிகள், பல்லாண்டு ஊதிய கலைஞரின் பெயரைப் புகழ்மன்றத்தில் பொறித்து வைக்கின்றன. தமிழகத்தில் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறை இழிவின் அடையாளமன்று, கலை என்று அரசேட்டில் பதியப்பட இத்தனை காலம் ஆயிற்று. இலங்கைத் தோட்டங்கள் அடங்கிய மலையகத்திலோ, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்கள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, தந்தையிடமிருந்து மகன் செவிவழியாகக் கற்ற அடிகளும் பிரிந்த குடும்பங்களோடு சிதறின. பெரட்டு அழைப்பைத் தொழிற்சாலைச் சங்கு ஏற்றுக்கொண்டது.

தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது ஒரு நாட்கூலியைக் குறிக்கும்; நிறுவையில் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். செக்ரோல் எனப்பட்ட வருகைப் பேரேட்டில் தப்படித்தவனுக்கும் கொம்பு ஊதியவனுக்கும் எழுதப்பட்டது அந்தப் பேர்தான்.