42 மில்லிமீட்டர் வாய்

2019 தை மாதம் அம்மாச்சிக்கு எண்பது வயது நிறைந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு நான் இணையத்தில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கியிருந்தேன். ஜப்பானில் செய்தது, வெள்ளியும் கறுப்பும் கலந்த உடம்பு, பார்க்க அவ்வளவு அழகு. விற்றவர் 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதியிருந்தார். நானும் நம்பினேன்.

நாகப்பட்டினம் வீட்டில் அன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருந்தது. போனில் எடுத்த அம்மாச்சியின் படங்கள் இப்போதும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் போனைப் பார்த்தால் அம்மாச்சி பேசிக்கொண்டே இருப்பார். கேமராவைக் கண்டால்தான் முந்தானையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஸ்டுடியோக்காரனைப் பெற்றவர் இல்லையா. எனக்காக அப்படி முப்பத்தாறு முறை உட்கார்ந்தார்.

ரோலைச் சென்னையில் கழுவக் கொடுத்தேன். பாதி ஃப்ரேம்களில் ஷட்டர் சரியாகத் திறக்கவே இல்லை. மீதியில் பின்கதவு ஓரத்து நுரைப்பஞ்சு மக்கிப்போய், உள்ளே புகுந்த வெளிச்சம் தின்றுவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த ஆடியில் அம்மாச்சி இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமாவிடம் நெகட்டிவைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டவில்லை. "கேமரா வாங்குனியே, அதோட வாயைப் பாத்து வாங்குனியா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

வாய் என்று அவர் சொன்னது மவுண்ட்டை. லென்ஸும் உடம்பும் சேரும் அந்த வட்டத்தை. பீரோவைத் திறந்து தன் பழைய ஜெனிட்டை எடுத்தார். முன்னால் இருந்த ஹீலியோஸ் லென்ஸைக் கழற்றத் தொடங்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பாட்டில் மூடியைத் திருகுவதுபோலக் கழன்று வந்தது. "இது 42. உலகத்துல பாதி லென்ஸு இதுல மாட்டும்."

பாதி என்பது மாமாவின் கணக்கு. ஆனால் அந்த 42க்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருப்பதை நான் பிறகுதான் தேடிப் படித்தேன்.

*

வாய் என்ற பிரச்சினையே சிறிய கேமராக்களோடு வந்ததுதான். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லெய்ட்ஸ் நிறுவனத்தில் வேலைபார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்கான 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டினார். சினிமா ஃப்ரேமைப்போல இரண்டு மடங்கு, அதாவது 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள படம் கிடைத்தது. 1925ல் லைப்சிக் சந்தையில் லெய்க்கா என்ற பெயரில் அது அறிமுகமானது. முதல் லெய்க்காவில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930ஐ ஒட்டித்தான் மாற்றிக்கொள்ளும் லென்ஸ்கள் வந்தன. 39 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மரை. அவ்வளவுதான் விஷயம்.

அதுவரை லெய்க்கா என்பது ஒரே பொருள். மரை வந்ததும் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. உடம்பு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். உடம்பு பழசானால் புதிது வாங்கி அதே கண்ணைப் பொருத்தலாம். ஆனால் வாய் ஒன்றாக இருக்க வேண்டும்.

லெய்க்காவில் இன்னொரு சங்கடம் உண்டு. நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைக்க வேண்டும். டிரெஸ்டன் நகரில் 1936ல் வந்த கீனே எக்ஸாக்டா அப்படிப்பட்டதுதான். அதில் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், உருவம் இடவலம் மாறித் தெரியும். ஓடும் குழந்தையைத் துரத்திப் படமெடுக்கப் போனால் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவோம்.

போர் வந்தது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. லென்ஸ் செய்யும் ஜெயிஸ் நிறுவனத்தின் ஊரான யேனாவுக்கு ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. போகும்போது விஞ்ஞானிகளை மேற்கே அழைத்துப்போனது. ஜூலையில் சோவியத் படை வந்தது, பிற்பாடு இழப்பீடாக இயந்திரங்களைப் பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோனது. ஒரு நிறுவனம் ஆளாகவும் இயந்திரமாகவும் இரண்டு தேசங்களுக்குப் பங்குபோடப்பட்டது.

அந்த இடிபாட்டு ஊரிலிருந்துதான் 1949ல் காண்டாக்ஸ் எஸ் வந்தது. மேலே ஐம்பட்டகக் கண்ணாடி வைத்து, கண்ணுக்கு நேராக, இடவலம் மாறாமல் காட்டிய முதல் வரிசைக் கேமராக்களில் ஒன்று. அதன் முன்புறம் 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் புரி இடைவெளி கொண்ட மரை. அதே ஊரின் இன்னொரு தொழிற்சாலையில் செய்த பிராக்டிகாவும் அதே மரையை எடுத்துக்கொண்டது. எம்42 பிறந்தது இப்படித்தான்.

மரையில் ஒரு வசதி இருக்கிறது. ரகசியப் பூட்டு எதுவும் கிடையாது. நல்ல லேத் பட்டறை இருந்தால் யாரும் வெட்டலாம். வெட்டினார்கள்.

*

கிழக்கே மாஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஜெனிட் பிறந்தது. முதலில் லெய்க்காவின் 39 மில்லிமீட்டர் மரையில் வந்து, அறுபதுகளில் 42க்கு மாறியது. அதன் ஹீலியோஸ்-44 லென்ஸ், ஜெயிஸின் பயோட்டார் 58 மில்லிமீட்டர் லென்ஸை அடியொற்றியது. யேனாவின் கணக்கு ரஷ்ய உச்சரிப்பில் திரும்பி வந்தது என்று சொல்லலாம். 1965ல் வந்த ஜெனிட்-ஈ மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. கனமான இரும்பு. ஷட்டர் வேகம் முப்பதில் ஒரு நொடியிலிருந்து ஐந்நூறில் ஒரு நொடி வரை, மொத்தம் ஐந்துதான். ஆனால் அதன் ஒளிமானி செலினியத்தில் இயங்குவது, பேட்டரியே வேண்டாம்.

இன்னும் கிழக்கே ஜப்பானில், 1952ல் தன் முதல் எஸ்.எல்.ஆர். கேமராவை வேறொரு சிறிய மரையோடு விட்ட அசாஹி நிறுவனம், 1957ல் அசாஹி பெண்டாக்ஸைக் கொண்டுவந்தபோது 42ஐ எடுத்துக்கொண்டது. 1964ல் ஸ்பாட்மாட்டிக் வந்தது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே அளக்கும் ஒளிமானி அதில் இருந்தது. அந்த லென்ஸ்களின் பெயர் தகுமார். நிறுவனரின் சகோதரர் தகுமா கஜிவாரா அமெரிக்காவில் புகைப்படக்காரராகவும் ஓவியராகவும் வாழ்ந்தவர். அவர் பெயரைத்தான் கண்ணாடிக்கு வைத்தார்கள். யாஷிகா, ஃபுஜிகா, சினான், ரிக்கோ என்று பலரும் பின்னால் வந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் விநோதம். பனிப்போரின் நடுவில், ஒன்றோடொன்று பேசாத தேசங்கள் ஒரே மரையை வெட்டிக்கொண்டிருந்தன. ரஷ்ய லென்ஸை ஜப்பானிய உடம்பில் திருகலாம், ஜப்பானிய லென்ஸைக் கிழக்கு ஜெர்மனி உடம்பில் திருகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மாமாவின் கைக்கு 42 வந்து சேர்ந்ததும் அந்த அரசியலின் ஒரு கிளைவழியில்தான். இந்தியா அப்போது சோவியத் நாட்டோடும் கிழக்கு ஜெர்மனியோடும் டாலர் இல்லாமல் ரூபாயில் வணிகம் செய்துகொண்டிருந்தது. ஜப்பானியக் கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். ஜெனிட் கடையில் கிடைத்தது. 1982ல் அம்மாச்சியின் வளையல் அடகுக்குப் போய் அந்த ஜெனிட் வீட்டுக்கு வந்தது. கலர் கேட்டால் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ ஃபிலிம். கறுப்பு வெள்ளைக்கு நம் ஊட்டியின் 'இந்து'. 1960ல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு நீலகிரியின் குளிரில் உருவாக்கிய ஃபிலிம் அது. நாகப்பட்டினத்துப் பாஸ்போர்ட் முகங்கள் எத்தனையோ அதில் பதிந்தவை. நஷ்டத்தில் விழுந்து, பல வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து, 2010களில் அந்த ஆலை மூடப்பட்டது.

*

மரைக்கும் முடிவு வந்தது. திருகி மாட்ட நேரமாகும் என்பது ஒரு காரணம், பெரிய காரணம் வேறு. மரை எந்தக் கோணத்தில் போய் நிற்கும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் மாறும். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உடம்புக்குச் சொல்ல, இரண்டும் துல்லியமாக ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு பயோனெட் தேவை. சிறு திருப்பில் 'டக்' என்று பூட்டும் அமைப்பு. நிக்கான் 1959லேயே அதற்குப் போய்விட்டது. பெண்டாக்ஸும் 1975ல் மரையைக் கைவிட்டது.

பயோனெட் வேகமானது, புத்திசாலி. கூடவே அது வேலியும் ஆனது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வாய். ஒரு லென்ஸ் வாங்கினால் அடுத்த லென்ஸையும் அடுத்த உடம்பையும் அவர்களிடமே வாங்க வேண்டும். நிக்கான் தன் வாயை அறுபது வருடம் பெரிதாக மாற்றாமல் காப்பாற்றியது. கேனான் 1987ல் தானியங்கிக் குவியத்துக்காக ஈ.ஓ.எஸ். வரிசையைக் கொண்டுவந்தபோது தன் எஃப்.டி. வாயை அடியோடு விட்டுவிட்டது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து எஃப்.டி. லென்ஸ் வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பிறகு யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. லென்ஸின் பின்விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் எம்42ல் 45.46 மில்லிமீட்டர். கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. 2010ல் வந்த சோனியின் ஈ மவுண்ட்டில் அது 18தான். மிச்சமுள்ள தூரத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் போதும், எந்தப் பழைய லென்ஸும் வேலை செய்யும். ஹீலியோஸின் பின்னணியில் இலைகள் சுழல்வதுபோலத் தெரியும். அந்தக் காலத்தில் குறை என்று சொல்லியிருப்பார்கள். இன்று அதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

*

இப்போது ஃபிலிம் கேமரா வாங்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் "எது நல்ல கேமரா ப்ரோ?" என்று கேட்கிறார்கள். மாமாவின் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். வாய் எது? அந்த வாய்க்கு லென்ஸ் எளிதாகக் கிடைக்கிறதா? உடம்பு செத்தால் லென்ஸ் வேறு எங்கே போகும்?

அதன் பிறகுதான் மற்றவை. லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களில் அது சர்வசாதாரணம், அதனால் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாதான் முதலில் வாங்க வேண்டிய துணைப்பொருள். தோல் பையில் பூட்டிவைக்காதீர்கள். சில தகுமார் 50 லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும், நாளாக நாளாக மஞ்சள் ஏறும். ஜன்னல் வெயிலில் சில வாரம் வைத்தால் தெளியும். ஒளிமானியை நம்பும் முன் பேட்டரியை விசாரியுங்கள். பல பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை, அது இப்போது தடைசெய்யப்பட்டது. ஸ்பாட்மாட்டிக்கின் மின்சுற்று வோல்ட் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், எல்லாமே அப்படி அல்ல. செலினியம் மானி என்றால் வெயிலில் முள் அசைகிறதா என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து நுரைப்பஞ்சை விரலால் தொடுங்கள். தார்போல ஒட்டினால் மாற்ற வேண்டும். ஷட்டரை எல்லா வேகத்திலும் அடித்துக் கேளுங்கள்.

முக்கியமாக, எதுவானாலும் ஒரு ரோல் சோதித்துப் பார்க்காமல் யாரையும் எண்பதாவது பிறந்தநாளன்று முன்னால் உட்காரவைக்காதீர்கள். ஒரு கலர் ரோல் இன்று மலிவானதல்ல. உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு ரோலைத் தெருவுக்கும் நாய்க்குட்டிக்கும் செலவழியுங்கள்.

என் அழகான கேமரா அலமாரியில் இருக்கிறது. அதன் வாய் கைவிடப்பட்ட வாய்களில் ஒன்று. மாமாவின் ஜெனிட் இப்போது என்னிடம். ஹீலியோஸில் இரண்டு வளையம். ஒன்றில் துவாரத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, மற்றொன்றால் திறந்து குவியம் பார்த்து, மூடி எடுக்க வேண்டும். "தொறந்து பாரு, மூடி எடு. மூட மறந்தா படம் வெளுத்துரும்" என்று சொல்லிக்கொடுத்தார் மாமா.

போன பொங்கலுக்கு அவரை வாசல் திண்ணையில் உட்காரவைத்தேன். துண்டைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியே அம்மாச்சி. திறந்து பார்த்தேன். மூடினேன்.

"எடுத்துட்டியா?"

"இன்னும் ஒண்ணு மாமா. அசையாதீங்க."