மண்ணுள் தேடிய விமானங்கள்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பாழடைந்த மண்டபம் ஒன்று கண்ணிற் பட்டால், அதன் அடியில் புதையல் உண்டு என்று சொல்ல ஒருவராவது இருப்பார். தோண்டியவர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் செங்கல்லே. எதிர்பாராத இடத்தில் மண் அரும்பொருள் தருவதும் உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட தமிழி எழுத்துடைய நடுகற்கள் அத்தகையவை. எல்லோரும் எதிர்பார்த்திருக்க, மண் ஒன்றும் தராமற்போன கதையை இன்று சொல்லப்போகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர்க்குப் பெருமை சேர்த்த சண்டை விமானம் ஸ்பிட்ஃபயர். 1936இல் முதன்முதற் பறந்த அவ்வகை விமானங்கள் 20,000க்கு மேல் செய்யப்பட்டன. 1945இல் போர் ஓய்ந்ததும், அவற்றுட் பலவற்றைப் பெட்டிகளில் அடைத்து, ரங்கூனை அடுத்த மிங்கலடான் விமான நிலையத்தில் பிரித்தானியப் படையினர் புதைத்துவிட்டனர் என்றொரு பேச்சு எழுந்தது. டேவிட் கண்டல் என்னும் ஆங்கில விவசாயி, பழைய போர்வீரர் சிலரின் சொல்லை நம்பிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். பிரித்தானியப் பிரதமரே பர்மிய அரசிடம் இதுபற்றிப் பேசினார். (அதே ரங்கூனிலிருந்து 1942இல் கால்நடையாகப் புறப்பட்டு, மலைவழிகளில் மாண்ட நம்மவரின் எலும்புகளைத் தேட எந்தப் பிரதமரும் பேசியதாக நான் அறியேன்.)

2013 ஜனவரியில் தோண்டும் பொறிகள் மிங்கலடான் சேர்ந்தன. நிலத்தடியில் உலோகம் உண்டெனக் கருவிகள் காட்டின. ஆயினும் விமானம் ஒன்றும் கிடைக்கவில்லை. செலவை ஏற்ற நிறுவனம் பிப்ரவரியில் அதை வெளிப்படையாக அறிவித்தது.

மண் மறைத்ததைக் காகிதம் சொல்லிற்று. 1945, 1946ஆம் ஆண்டுகளில் ரங்கூனுக்கு வந்த 37 விமானங்களின் கணக்கு இங்கிலாந்தின் ஆவணங்களில் இருந்தது. புதைத்ததாக அவற்றில் ஒரு குறிப்பும் இல்லை. பெரும்பாலானவை 1946இல் மறுபடியும் கப்பலேறியதாகவே தெரிகிறது. அன்றியும், போரால் சிதைந்த ரங்கூனில், மழைக்காலத்தில், பாரந்தூக்கிகளும் மரமும் எரிபொருளும் அருகியிருந்தபோது, இத்தனை பெட்டிகளை ஆழப் புதைப்பது எங்ஙனம்? வகுப்பில் ஒரு மாணவன் எழுப்பக்கூடிய இந்தக் கேள்வியை முதலிற் கேட்டிருந்தால், தோண்டும் பொறிகள் அத்தனை தூரம் போயிரா என்பது என் எண்ணம்.

அந்த விவசாயி இவற்றை ஏற்கவில்லை. தோண்டிய இடந்தான் தவறு என்றார்.