களம் வென்றோரும் களம் அமைத்தோரும்

ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் ஆற்றலைச் சாத்தந்தையார் பாடிய செய்யுட்கள் புறநானூற்றில் உள்ளன. அக்கிள்ளிக்கு மற்போர் பயிற்றிய ஆசான் யாவன், அவன் பயின்ற களரி எவ்விடத்தது என்பனவற்றைப் புலவர் உரைத்தாரல்லர். புலவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. வென்றவனையே பாடுதல் அவர் மரபு. ஆனால் ஓர் ஊரின் விளையாட்டு வரலாற்றை ஆராயப் புகுவோர் வென்றோரை மாத்திரம் எண்ணி அமைதல் தகாது. தெல்லிப்பழையைப் பொறுத்தவரை அது முற்றிலும் பிழையான வரலாறாகவே முடியும்.

யாழ்ப்பாணத்து முன்னோர் விளையாட்டறியாதவரல்லர். கிளித்தட்டும் சடுகுடுவும் நிலாக்காலத்துப் பொழுதுபோக்குகள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் போர்த்தேங்காய் அடித்தலும் மாட்டுவண்டிச் சவாரியும் ஊரையே ஓரிடத்திற் கூட்டின. எனினும் இவற்றுக்கெனத் தனியே ஒரு நிலம் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலும், கோயில் வீதியும், வெறுந் தரவையுமே போதியனவாயிருந்தன. உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் அவ்வாறானவையல்ல. ஆண்டு முழுவதும் பயிரிடாது விடப்பட்ட நிலம் அவற்றுக்கு இன்றியமையாதது.

இங்கேதான் தெல்லிப்பழையின் இடர்ப்பாடு தொடங்குகின்றது. வலிகாமத்துச் செம்மண் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பெயர் பெற்றது. கிணற்று நீர் இறைத்து அங்குலம் அங்குலமாகப் பண்படுத்தப்பட்டது. நூறு மீற்றர் நீளமும் அறுபத்து நான்கு மீற்றர் அகலமுங் கொண்ட ஓர் உதைபந்தாட்டத் திடலுக்கு ஏறக்குறைய 25 பரப்பு நிலம் வேண்டும். இரண்டு பரப்புத் தோட்டத்தைக் கொண்டு குடும்பம் நடத்திய கமக்காரனிடம், இருபத்தைந்து பரப்பைப் பிள்ளைகள் பந்தடிப்பதற்கு விடுக என்று கூறுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருக்கும்! அத்துணிவு பாடசாலைகளை நடத்தியோரிடமே இருந்தது.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டிலேயே தெல்லிப்பழையிற் கல்விப்பணி தொடங்கினர். இன்றைய யூனியன் கல்லூரி தன் வரலாற்றை அவ்வாண்டிலிருந்தே கணிக்கின்றது. மேனாட்டு விளையாட்டுக்கள் பள்ளி வழியாகவே நம் நாட்டினுட் புகுந்தன என்பதில் வியப்பில்லை. அவற்றுட் சில ஆசிரியர்களாலேயே ஆக்கப்பட்டவை. கூடைப்பந்தாட்டத்தை 1891இல் வகுத்த நெய்சிமித்தும், கரப்பந்தாட்டத்தை 1895இல் வகுத்த மோர்கனும் அமெரிக்காவில் உடற்பயிற்சி கற்பித்தவர்களே. 1916இல் இலங்கைக்கு வந்த கரப்பந்தாட்டம் 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய நிலம் சிறிது. ஆதலின் அது சிற்றூர்கள்தோறும் எளிதிற் பரவிற்று.

பாவலர் துரையப்பாபிள்ளை 1910ஆம் ஆண்டு தெல்லிப்பழை அம்பனையில் மகாஜனக் கல்லூரியை நிறுவினார். மிசன் பாடசாலையிற் கற்ற அவர், சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வியும் கிடைத்தல் வேண்டும் என விழைந்தவர். 1929இல் அவர் மறைந்தார். கல்லூரி விளையாட்டுத் துறையிற் பெரும்பெயர் ஈட்டியது அவர் மைந்தர் தெ. து. ஜயரத்தினம் அதிபராயிருந்த 1945 முதல் 1970 வரையான காலத்திலாகும். கால் நூற்றாண்டு ஒருவரே தலைமை வகித்தமை ஒரு நற்பேறு. திடலும் ஆசிரியர் குழுவும் ஓராண்டில் உருவாவனவல்ல. சிறு வகுப்பிற் பந்தைத் தொட்ட பிள்ளை முதலணியில் இடம்பெறப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை கொள்கை மாறாதிருத்தல் வேண்டும். கமக்காரர் மக்களும் கூலியாளர் மக்களும் ஒரே அணியில் நின்று ஆடிய உதைபந்தாட்டமே மகாஜனாவின் தனி அடையாளமாயிற்று. யாழ்ப்பாணப் பாடசாலைகளுக்கிடையே மகாஜனாவை எதிர்த்து ஆடுவது எளிய செயலெனக் கருதப்படவில்லை.

இவ்வலிகாமத்தின் பெரியவிளானில் 1934இற் பிறந்தவரே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அவரை உருவாக்கியது தெல்லிப்பழைப் பள்ளியன்று, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. உண்மையை மறைத்து ஊர்ப் பெருமை பேசல் ஆகாது. 1952இல், பதினேழு வயதில், எல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்போர்ணிலும் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர், அஃதாவது ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம், பாய்ந்து பொற்பதக்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொற்பதக்கம் அதுவேயாகும். 1962இல் யக்கார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். உயரம் பாய்வோர் மெத்தையிலன்றி மணற் குழியில் விழுந்தெழுந்து பயின்ற காலம் அது என்பதையும் உடன் வைத்தெண்ணுதல் தகும். கல்வியிலும் கலாநிதிப் பட்டம் வரை உயர்ந்த அவர் 2024இற் காலமானார்.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். வகுப்பறையைக் கொட்டிலிலேனும் நடத்தலாம். திடலை எங்குப் பெயர்த்துச் செல்வது? யூனியனும் மகாஜனாவும் பிறவூர்களில் இரவல் நிலங்களில் இயங்கின. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் கல்லூரித் திடலிற் காலூன்றாமலே கல்வியை முடித்தனர். 2009இற் போர் முடிந்த பின்னரும் வலிகாமம் வடக்கின் ஊர்கள் சிறிது சிறிதாகவே மக்களிடம் மீண்டன.

மீட்சியின் பின் பெயர் பெற்றோருள் மகளிர் முன்னிற்பது குறிப்பிடத்தக்கது. மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்திலும் புகழ் ஈட்டினர். அக்கல்லூரியின் மாணவியான அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலைத் தெரிந்தெடுத்தார். ஒலிம்பிக்கிலே மகளிர்க்கு அப்போட்டி 2000ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் இடம்பெற்றது. ஓடுதற்குப் பாதை போதும்; இதற்கோ வளைந்து நிமிரும் கோலும், வீழ்வோரைத் தாங்கும் தடித்த மெத்தையும் வேண்டும். இரண்டும் விலை மிக்கவை. சிற்றூர்ப் பாடசாலைக்கு எளிதிற் கிட்டாதவை. சுபாஸ்கரன் என்னும் பயிற்றுநரிடம் பயின்ற அனித்தா இலங்கைச் சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுக்கி, 2017இல் 3.55 மீற்றரைத் தாண்டினார். அவ்வுயரத்தையும் பின்வந்தோர் கடந்துள்ளனர். சாதனைப் பட்டியலிற் பாய்ந்தவர் பெயரும், உயரமும், நாளும், இடமும் பொறிக்கப்படுகின்றன. பயிற்றுநர்க்கு அதில் நிரல் இல்லை.