சிறு குண்டும் பெரு வேகமும்

உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படித்த இரு வாய்பாடுகளை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல். தேர்வுத் தாளில் இவ்விரண்டும் அமைதியாக அருகருகே இருக்கும். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேட்டைக்காரர்களிடையே இவ்விரண்டையும் வைத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதம் நடந்து வருகிறது. சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு குண்டு, வேகம் மிகுந்திருந்தால், ஒரு மானைத் துன்புறுத்தாமல் உடனே கொல்லப் போதுமா என்பதே வாதம். தவறான விடைக்கு விலை கொடுப்பது வாதிடுபவர் அல்லர். காயத்துடன் ஓடிப் புதரில் ஒளிந்து மெல்லச் சாகும் மான்தான்.

கரிமருந்துக் காலம்

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். துப்பாக்கிக் குழலிலிருந்து வெளியேறிப் பறப்பது குண்டு. குண்டு, வெடிமருந்து, தீமூட்டும் பொருள் ஆகிய மூன்றையும் அடக்கிய பித்தளைக் கூடு தோட்டா. தீமூட்டும் பொருள் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருந்தால் அது விளிம்பில் தீப்பற்றும் தோட்டா. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கவேண்டும் என்பதால் தகடு மெல்லியதாக இருக்கும். மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. அடிப்பகுதியின் நடுவே, தீபாவளிப் பொட்டு வெடியைப் போன்ற மருந்தை ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துப் பதித்தால் அது மையத்தில் தீப்பற்றும் தோட்டா. இதன் சுவர் தடிப்பாக இருக்கலாம்; பெரும் அழுத்தத்தையும் தாங்கும். நம் கதை இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வெடிமருந்து என்றால் கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த கரிமருந்துதான். இது தரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. குழலில் புகைக்கரியும் படியும். வேகத்தை உயர்த்த முடியாத நிலையில் வலிமை வேண்டுமானால் ஒரே வழி, குண்டைப் பெரிதாக்குவதுதான். அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட 0.45 அங்குலத் தோட்டாவில் குண்டின் நிறை 405 கிரெயின். கிரெயின் என்பது ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை என்று கொள்ளலாம். நம் கணக்கில் அக்குண்டு சுமார் 26 கிராம். அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 410 மீட்டர். மான் வேட்டைக்கும் இத்தகைய பெருங்குண்டுகளே பயன்பட்டன.

1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். ஈயக் குண்டின்மேல் செம்பு போன்ற உலோக உறை போடும் முறையும் அந்தப் பத்தாண்டுகளில் வளர்ந்தது. வேகத்தின் எல்லை உடைந்தது. 1895இல் வின்செஸ்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 0.30 அங்குல வேட்டைத் தோட்டா, 10.4 கிராம் குண்டை வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. அமெரிக்க மான் வேட்டையில் இதன் செல்வாக்கு பல தலைமுறைகள் நீடித்தது.

ஒரு வழக்கறிஞரின் கணக்கு

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் சார்லஸ் நியூட்டன் என்றொரு வழக்கறிஞர் இருந்தார். நீதிமன்றத்தைவிடத் தோட்டா வடிவமைப்பில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. ஆனால் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. அப்படியானால் நிறையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதே இலாபம் அல்லவா?

அவர் வடிவமைத்த 0.22 அங்குலத் தோட்டாவைச் சாவேஜ் நிறுவனம் 1912இல் வெளியிட்டது. குண்டு வெறும் 4.5 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 850 மீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1640 ஜூல் வருகிறது. வின்செஸ்டரின் 0.30 அங்குலக் குண்டுக்குச் சுமார் 1870 ஜூல். அதாவது, நிறையில் பாதிக்கும் குறைவான குண்டு ஆற்றலில் எட்டில் ஏழு பங்கைத் தந்தது! பின்னுதைப்பும் குறைவு. தோளில் உதை விழும் என்ற அச்சம் இல்லாதவர் நிதானமாகக் குறிபார்ப்பார். சீனாவின் ஃபூஜியான் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஹாரி கால்டுவெல் இந்தச் சிறு துப்பாக்கியால் புலிகளையே சுட்டுக் கொன்றார். புலியைக் கொன்ற துப்பாக்கிக்கு மான் எம்மாத்திரம் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

1915இல் நியூட்டன் 0.25 அங்குலத் தோட்டா ஒன்றையும் வடிவமைத்தார். 100 கிரெயின் குண்டைப் பயன்படுத்தவேண்டும் என்பது அவர் எண்ணம். நிறுவனமோ குண்டை 87 கிரெயினாகக் குறைத்தது. ஏன்? அப்போதுதான் வேகம் வினாடிக்கு 3000 அடியைத் தொடும். விளம்பரத்தில் அந்த எண்ணைப் போடலாம். மீட்டரில் சொன்னால் அது 914. விளம்பரத்துக்குப் பொருந்தாத எண்! எந்த அலகில் அளக்கிறோம் என்பதுகூட ஒரு குண்டின் எடையை முடிவு செய்தது, பாருங்கள்.

1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட 0.220 ஸ்விஃப்ட் தோட்டா இந்தப் பாதையின் உச்சி எனலாம். வெறும் 3.1 கிராம் குண்டு. வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1250 மீட்டர். ஒலியின் வேகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 150 மீட்டர் தொலைவைக் கடப்பதற்குள் பழைய 0.45 அங்குலக் குண்டு 66 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஸ்விஃப்ட் குண்டோ 7 சென்டிமீட்டர்தான் இறங்கும். நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பெல் துரையின் சாட்சியம்

டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் 1000க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். இன்று இதைக் கேட்கும்போது நமக்கு வேதனைதான். ஆனால் அவர் முறை கவனிக்கத்தக்கது. மற்றவர்கள் பெருங்குண்டுத் துப்பாக்கிகளைச் சுமந்தபோது, அவர் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியையே பயன்படுத்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு அங்கே சேரும் என்று ஆராய்ந்திருந்தார். பின்னர் ஸ்காட்லாந்து திரும்பியவர், ஸ்விஃப்ட் துப்பாக்கியால் சிவப்பு மான்களை வேட்டையாடி, அதைப் பெரிதும் பாராட்டி எழுதினார்.

இத்தகைய சாட்சியங்களைக் காட்டியே சிறுகுண்டு ஆதரவாளர்கள் வாதிட்டனர். எதிர்த்தரப்பிலும் குரல்கள் எழுந்தன. தோள் எலும்பில் பட்டதும் குண்டு சிதறிவிடுகிறது, காயம் ஆழமாக இல்லை, மான் ஓடிவிடுகிறது என்றார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. பெல் சுட்டது தேர்ந்த கையால், உடற்கூறு அறிந்த கண்ணால். ஆண்டுக்கு ஒருமுறை துப்பாக்கியை எடுப்பவரின் குண்டு நான்கு விரற்கடை தள்ளிப் படும். மேலும் ஒன்று: விழுந்த மான் கணக்கில் சேரும், காயத்துடன் தப்பிய மான் யார் கணக்கிலும் சேராது. வெற்றிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் எந்தக் கருவியையும் சிறந்தது என்றே முடிவு கட்டுவார். அறிவியல் மாணவர் மறக்கக்கூடாத பாடம் இது.

மானைக் கொல்வது எது?

இனி இயற்பியலுக்கு வருவோம். 1873ஆம் ஆண்டுக் குண்டின் ஆற்றல் சுமார் 2200 ஜூல். ஸ்விஃப்டின் ஆற்றல் சுமார் 2400 ஜூல். ஏறக்குறைய சமம். உந்தமோ முன்னதற்கு 10.8 கிலோகிராம் மீட்டர்/வினாடி, பின்னதற்கு 3.9 மட்டுமே. எனவே "ஆற்றலே முக்கியம்" என்போர் ஸ்விஃப்டையும், "உந்தமே முக்கியம்" என்போர் பெருங்குண்டையும் பிடித்துக் கொண்டனர்.

யார் சொல்வது சரி? 50 கிலோகிராம் மான் ஒன்றை எடுத்துக் கொள்வோம். பெருங்குண்டு உடலுக்குள்ளேயே தங்கித் தன் உந்தம் முழுவதையும் கொடுத்தாலும், மான் பெறும் வேகம் வினாடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர்தான். நாம் ஆற அமர நடக்கும் வேகம் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆக, எந்தக் குண்டும் மானை "அடித்து வீழ்த்துவதில்லை." ஆற்றலும் தானாகக் கொல்வதில்லை. இதயமோ நுரையீரலோ கிழிந்து, மூளைக்கு இரத்தம் செல்வது நின்றால்தான் மான் விரைவில் உணர்விழக்கும். குண்டு அந்த உறுப்புகள்வரை சென்று சேரவேண்டும்; சேர்ந்ததும் போதிய அளவு கிழிக்கவேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஆழமாகச் செல்ல, முகப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பின்னால் நிறைய நிறை இருக்கவேண்டும். பெருங்குண்டில் இது சுமார் 25 கிராம். ஸ்விஃப்டில் சுமார் 12 கிராம். கிழிப்பதற்கு, குண்டின் முனை பட்டதும் காளான்போல் விரியவேண்டும். விரிந்து விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். சதுர சென்டிமீட்டருக்கு 12 கிராம் என்பது 3 கிராம் ஆகிவிடும். குண்டு உடனே வேகம் இழந்து நிற்கும். ஸ்விஃப்டின் முதல் குண்டுகள் சிறு பிராணிகளுக்காக மெல்லிய உறையுடன் செய்யப்பட்டவை. பட்டவுடன் சிதறவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். அதையே மானின் தோளில் செலுத்தினால் மேற்புறத்தில் கோரமான புண் உண்டாகும். உள்ளே இருக்கும் நுரையீரல் தப்பிவிடும்.

விரியும் குண்டுக்கு நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில், முனை விரியும் குண்டுகள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகச் செய்யப்பட்டன. இதனால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு போரில் இத்தகைய குண்டுகளைத் தடைசெய்தது. ஆனால் பிரிட்டனின் மான் சட்டங்கள் இதே வகைக் குண்டைத்தான் கட்டாயமாக்குகின்றன! முரண்பாடாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: தேவையற்ற துன்பத்தைத் தவிர்ப்பது. போர்வீரன் காயமுற்றுப் பிழைக்கலாம். அவனுக்கு மருத்துவமனை உண்டு. காயமுற்ற மானுக்கு யார் உண்டு?

சட்டம் இட்ட கோடு

1963இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு வந்த மான் சட்டம், துப்பாக்கிக்கு இரு நிபந்தனைகளை விதித்தது. விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழல் முனையில் ஆற்றல் 1700 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 2300 ஜூலுக்கு, குறையக் கூடாது. ஸ்விஃப்டின் ஆற்றல் இரண்டாம் நிபந்தனையை நிறைவு செய்கிறது. ஆனால் விட்டம் போதாது. ஆகவே அது தள்ளப்பட்டது. ஆற்றல் என்ற ஒற்றை எண்ணைச் சட்டம் நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஸ்காட்லாந்து 1985இல் வேறு வகையில் கோடு போட்டது. பொதுவாக மான்களுக்குக் குறைந்தது 100 கிரெயின் குண்டும் 1750 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். ஆனால் ஆட்டைவிடப் பெரிதாக வளராத ரோ மானுக்கு 50 கிரெயின் குண்டும் 1000 அடி-பவுண்டும் போதும். இரு வகைக்கும் வேகம் வினாடிக்கு 2450 அடிக்குக் குறையக் கூடாது. 2007இல் இங்கிலாந்தும் வேல்ஸும், முண்ட்ஜாக், சீன நீர்மான் என்னும் இரு சிறு மான்களுக்கு மட்டும் 0.22 அங்குலத் துப்பாக்கியை அனுமதித்தன. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். டெக்சாஸ், மையத்தில் தீப்பற்றும் 0.22 அங்குலத் தோட்டாவை மானுக்கு ஏற்கிறது, கொலராடோ 0.24 அங்குலத்தைக் கீழெல்லையாக வைத்திருக்கிறது.

இதற்கிடையே குண்டும் மாறிவிட்டது. 1948இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர், நடுவில் உலோகத் தடுப்புச் சுவர் உள்ள குண்டை விற்கத் தொடங்கினார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே செல்லும். பின்னர் முழுவதும் செம்பாலான குண்டுகள் வந்தன. இவை விரிந்தாலும் சிதறுவதில்லை. குழலின் சுருள் வரிகளும் மாறின. முன்பு 14 அங்குலத்துக்கு ஒருமுறை சுழலச் செய்த இடத்தில் இப்போது 8 அங்குலத்துக்கு ஒருமுறை சுழலச் செய்கிறார்கள். அதனால் நீண்ட, கனத்த குண்டுகளும் 0.22 அங்குலக் குழலிலிருந்து தலைகுப்புறாமல் பறக்கின்றன. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது; அதே அளவுக் குண்டு எடையில் குறையும். இதைக் கருதி ஸ்காட்லாந்து 2023இல் தன் 100 கிரெயின் எல்லையை 80ஆகத் தளர்த்தியது. விட்டமும் வேகமும் மட்டுமல்ல, குண்டு எதனால் ஆனது, எப்படிக் கட்டப்பட்டது என்பதும் விடையை மாற்றுகிறது.

நம் நாட்டில் மான் வேட்டை, 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்ற கேள்வி நமக்கு எழவில்லை. இயற்பியல் கற்கும் நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. ½mv² என்பது குண்டு கொண்டுவரும் ஆற்றல் எவ்வளவு என்று பிழையின்றிச் சொல்லும். அந்த ஆற்றல் எங்கே, எந்த ஆழத்தில், எவ்வாறு செலவாகிறது என்பதை அது சொல்லாது. நியூட்டனின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. கணக்கு சொல்லாத பாதியையும் அதுவே சொல்லிவிட்டதாக எண்ணியவர்களிடம்தான் பிழை இருந்தது. அந்தப் பாதியைக் கற்றுக்கொள்ள மனிதருக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை அதன் விலையை மான்கள் கொடுத்தன.