சுங்கை பீசியின் தும்பியும் இத்தாலியின் கீரியும்



அவசரகாலப் பாடம் நடத்தும்போது வகுப்பில் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "ஹெலிகாப்டர்ல இருந்து சுட்டாங்களா சார்?" சினிமாவும் கணினி விளையாட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இராணுவ ஹெலிகாப்டர் என்றாலே துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வரும். இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் நம்ம சாலாக் செலாத்தான் பக்கத்திலிருந்து தொடங்கி இத்தாலி வரைக்கும் போய் வரவேண்டும். வாங்க, போய்ப் பார்ப்போம்.

சாலாக் செலாத்தானுக்கு அருகில்தான் பழைய சுங்கை பீசி விமானத்தளம் இருந்தது. 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும்வரை கோலாலம்பூரின் விமான நிலையமே அதுதான். பிறகு ஆகாயப் படையின் தளமாகத் தொடர்ந்து, 2018-இல் மூடப்பட்டது. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பிரிட்டிஷ் படைகளின் ஹெலிகாப்டர்கள் பறந்த முக்கியத் தளங்களில் இதுவும் ஒன்று. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட காலம் அது. அரிசிகூட அளந்துதான் கிடைக்கும். சாலாக் செலாத்தானில் இருக்கும் புதுக்கிராமமும் அந்தக் காலத்தில் உருவானதுதான்.

மலாயாவுக்கு இராணுவ ஹெலிகாப்டர் வந்தது சுடுவதற்காக அல்ல, தூக்கிப் போவதற்காக. 1950-இல் சிங்கப்பூரில் ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. காட்டில் காயம்பட்ட படைவீரர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அதற்குக் கிடைத்த ஹெலிகாப்டரின் பெயர் 'டிராகன்ஃபிளை', நம்ம பாஷையில் தும்பி. அமெரிக்காவின் சிகோர்ஸ்கி எஸ்-51 ஹெலிகாப்டரை, பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனம் உரிமம் வாங்கி, பிரிட்டிஷ் இயந்திரம் பொருத்திச் செய்தது அது. 1953-இல் இந்தப் பிரிவே 194-ஆம் ஸ்குவாட்ரனாக வளர்ந்து கோலாலம்பூருக்கு வந்தது. அடுத்த ஆண்டு 'வேர்ல்விண்ட்' என்ற பெரிய ஹெலிகாப்டருடன் 155-ஆம் ஸ்குவாட்ரன் வந்து சேர்ந்தது.

இங்கேதான் நம் பாடத்துக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் நன்றாகப் பறந்த இயந்திரம் நம் காட்டுக்கு மேல் திணறியது. ஏன்? ஹெலிகாப்டரைத் தூக்கிப் பிடிப்பது அதன் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று. வானூர்திக் கணக்குகள் 15 பாகை வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டவை. நம் ஊரில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்துவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இயந்திரத்தின் பலமும் குறையும். அதோடு 200 அடி உயர மரங்களுக்கு நடுவே, வெட்டிச் செதுக்கிய சிறு வெளியிலிருந்து செங்குத்தாக மேலே ஏறவேண்டும். பத்துப் பேரை ஏற்றலாம் என்று காகிதத்தில் இருந்தாலும் பாதிப் பேரை ஏற்றினாலே பெரிய விஷயம்.

வேர்ல்விண்டின் பெயருக்குப் பின்னால் எச்.ஏ.ஆர்.2, எச்.ஏ.ஆர்.4, எச்.ஏ.ஆர்.10 என்று எண்கள் வரும். இவற்றைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு பாடம். எச்.ஏ.ஆர்.4 என்பது வெப்பமான இடங்களுக்கென்று இயந்திரத்தை மாற்றிய மாதிரி. மலாயாவை மனத்தில் வைத்துச் செய்தது. அதுவும் போதவில்லை. 1960களின் தொடக்கத்தில் வந்த எச்.ஏ.ஆர்.10-இல், சுமார் 600 குதிரைத்திறன் கொண்ட பிஸ்டன் இயந்திரத்தை எடுத்துவிட்டு, 1,050 குதிரைத்திறன் கொண்ட 'நோம்' டர்பைன் இயந்திரத்தை வைத்தார்கள். மூக்கு நீண்டது, சுமக்கும் பலம் கூடியது. பிறகு போர்னியோவில் இந்தோனேசியாவுடன் நடந்த 'கொன்ஃபிரந்தாசி' மோதலின்போது இந்த மாதிரிதான் பறந்தது. 194-ஆம் ஸ்குவாட்ரனின் இன்னொரு ஹெலிகாப்டரான 'சிக்கமோர்' மர இறக்கை கொண்டது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் அந்த இறக்கைகளைப் பதம் பார்த்துவிட்டன.

ஆனால் ஆம்புலன்ஸ் வேலையோடு கதை முடியவில்லை. அதே ஹெலிகாப்டர்கள் படைவீரர்களைக் காட்டுக்குள் இறக்கின. கெரில்லாக்கள் காட்டில் போட்ட பயிர்கள் அழியும்படி மேலிருந்து இரசாயனமும் தெளித்தன. ஒரு நாள் உயிரைக் காப்பாற்றிய இயந்திரம், மறுநாள் பயிரைக் கருக்கியது. பிள்ளைகளிடம் இதை மறைக்கக்கூடாது.

ஆயுதம் எப்போது ஏறியது? அல்ஜீரியப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் 1950களிலேயே ஹெலிகாப்டரில் துப்பாக்கியும் ஏவுகணையும் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். அவர்களுடைய 'அலூவெட் 3' 1959-இல் முதன்முதலாகப் பறந்தது. அலூவெட் என்றால் வானம்பாடி. இதைத்தான் நம் ஆகாயப் படை 1960களில் வாங்கியது. 1990களில் அது தரைப்படைக்குக் கைமாறி குளுவாங் தளத்துக்குப் போனது. இந்தியாவில் இதே ஹெலிகாப்டர் 'சேத்தக்' என்ற பெயரில் பெங்களூரில் தயாரானது. ஆள் ஏற்றலாம், நோயாளியைத் தூக்கலாம், வேண்டுமானால் ஏவுகணையும் மாட்டலாம். ஒரே உடம்பு, பல வேலை.

வானம்பாடிக்குப் பதிலாக நம் தரைப்படை வாங்கியது இத்தாலியின் அகுஸ்தா ஏ109. 2003-இல் ஒப்பந்தம், மொத்தம் 11. இந்த ஏ109 முதலில் பறந்தது 1971-இல். வியாபாரிகளும் மருத்துவமனைகளும் வாங்கிய, பார்க்க அழகான சிறிய ஹெலிகாப்டர் அது. இத்தாலிய இராணுவம் இதையே டாங்கிகளைத் தாக்கும் ஹெலிகாப்டராக மாற்றலாமா என்று யோசித்தது. உடம்பு போதாது என்று தெரிந்ததும் அதன் அனுபவத்திலிருந்து புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் ஏ129 'மங்குஸ்தா'. பெயரின் பொருள் கீரி. 1983-இல் பறந்து, 1990-இல் இராணுவத்தில் சேர்ந்தது. இதில் பயணிக்கோ நோயாளிக்கோ இடமே கிடையாது. ஒருவர் பின் ஒருவராக இரண்டே பேர் உட்காரலாம். மேற்கு ஐரோப்பா சொந்தமாக வடிவமைத்துச் செய்த முதல் தாக்குதல் ஹெலிகாப்டர் இது.

கீரிக்கும் பாடம் காத்திருந்தது. ஐரோப்பிய நிலத்தில் சோவியத் டாங்கிகள் வரும் என்று எதிர்பார்த்து அதற்கு டாங்கி எதிர்ப்பு ஏவுகணை கொடுத்திருந்தார்கள். வந்ததோ சோமாலியா. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஐ.நா. பணிக்குப் போனபோது எதிரே டாங்கிப் படை இல்லை. திரும்பும் பீரங்கி இல்லாதது குறையாகத் தெரிந்தது. அடுத்த மாதிரியில் 20 மி.மீ. சுழல்குழாய்ப் பீரங்கி வந்தது, நான்கு இறக்கை ஐந்தானது. இத்தாலி இராணுவம் மொத்தம் 60 கீரிகளை வாங்கியது. பின்னர் துருக்கி உரிமம் பெற்று, புதிய இயந்திரத்துடன் டி129 'அத்தாக்' என்று செய்தது. அதை 2022-இல் நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸ் வாங்கத் தொடங்கியது. முன்னதாக பாகிஸ்தானும் 30 வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆனால் டி129-இன் இயந்திரத்துக்கு அமெரிக்க ஏற்றுமதி அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்காததால் வியாபாரம் நின்றுபோனது. மேம்பாடு செய்தவர் ஒருவர், சாவியை வைத்திருப்பவர் வேறொருவர்!

மலேசியா இன்றுவரை கீரி போன்ற ஒன்றை வாங்கவில்லை. 2015-இல் பதிவு செய்து 2022-இல் கைக்கு வந்த ஆறு எம்.டி.530ஜி, அமெரிக்காவின் இலகுரகத் தாக்குதல் ஹெலிகாப்டர்கள்தான்.

இந்த வரலாற்றில் தமிழருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சோவியத் நாட்டின் எம்.ஐ-8 என்ற பயண ஹெலிகாப்டரின் பாகங்களிலிருந்து எம்.ஐ-24 பிறந்தது. ஏ109-இலிருந்து கீரி பிறந்த கதை மாதிரியேதான். 1987-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த இந்திய அமைதிப்படை, அதன் ஏற்றுமதி மாதிரியான எம்.ஐ-25-ஐப் பயன்படுத்தியது. 1995 முதல் இலங்கை ஆகாயப் படை எம்.ஐ-24 வைத்திருந்தது. நம் பிள்ளைகள் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வெளியே ஓடிவந்து கையசைப்பார்கள். அங்கே பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகளும் தமிழ்தான் பேசினார்கள்.

ஆகவே, "சுட்டாங்களா சார்?" என்ற கேள்விக்கு என்ன பதில்? அவசரகாலத்தில் ஹெலிகாப்டரின் முதல் வேலை தூக்குவது. சுடுவதற்கென்றே ஹெலிகாப்டர் செய்தது பின்னால்தான். இடையில் வந்த ஒவ்வொரு மாதிரியும் யாரோ ஒருவரின் தேவைக்குப் பதில். வெப்பம், காடு, டாங்கி, சோமாலியத் தெரு என்று தேவை மாற மாற, இயந்திரமும் மாறியது. வகுப்பில் பிள்ளைகளிடம் எச்.ஏ.ஆர்.4, எச்.ஏ.ஆர்.10, ஏ109, ஏ129 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன மாறியது, யாருக்காக மாறியது என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் புத்தகத்தில் கிடைக்கும். இரண்டாவதற்கு அவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். வீட்டில் தோட்டத்துக் காலத்துப் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களையும் கேட்டுவரச் சொல்லுங்கள்.