உப்பளக் கரையும் ஒரு கலைஞரின் முதலீடும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேலாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்க, தொழிலாளர்கள் வேலையிழக்கின்றனர். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி உப்பு மத்தியப் பட்டியலில் அடங்குவது. ஆகவே, இம்மக்களின் குறை நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டியதாகும். 2025 ஜூலை 25-இல் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்ற நடிகர் கமல் ஹாசனின் நெடும் பயணத்தை இவ்விடத்திலிருந்து நோக்குவது பொருத்தமானது.

பரமக்குடியில் 1954-இல் பிறந்த அவர், 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானார். 1981-இல் 'ராஜ பார்வை' வாயிலாகத் தயாரிப்பாளரானார். திரையில் ஈட்டியதைத் திரைத் தொழில்நுட்பத்திலேயே அவர் மீண்டும் முதலீடு செய்தார். 'மகாநதி' (1994) கணினிவழிப் படத்தொகுப்பையும், 'குருதிப்புனல்' (1995) டால்பி ஒலியமைப்பையும் தமிழுக்குக் கொண்டுவந்தன. 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) டிஜிட்டல் கேமராவில் படமாக்கப்பட்டது.

சொத்துகளை அடமானம் வைத்து எடுத்த 'விஸ்வரூபம்' படத்தை டிடிஹெச் வழியாக வீடுகளுக்கே கொண்டுசெல்ல அவர் முயன்றார். திரையரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பால் அம்முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் தடையும் விதிக்கப்பட்டது. சில காட்சிகளில் ஒலி நீக்கப்பட்ட பின்னரே 2013 பிப்ரவரி 7-இல் தமிழகத்தில் படம் வெளியானது. ஏழு ஆண்டுகள் கழித்துப் பெருந்தொற்றுக் காலத்தில் புதிய படங்கள் நேரடியாக இணையத்தில் வெளியானபோது, அவர் கணிப்பு பிழையன்று என்பது புலனாயிற்று.

பொதுவாழ்விலும் அவருக்குத் தனித்தடம் உண்டு. ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றி ரத்ததானம், கண்தானம் போன்ற பணிகளில் ஈடுபடுத்தினார். 2017 அக்டோபரில் எண்ணூர்க் கழிமுகத்தை நேரில் பார்வையிட்டு, அனல்மின் நிலையச் சாம்பலால் கொசஸ்தலையாறு சீர்கெடுவதைச் சுட்டிக்காட்டினார். 2018 பிப்ரவரி 21-இல் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கினார். 2021-இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோல்வியுற்றார்.

தொழில்நுட்பத்தில் அவர் பெற்ற வெற்றிக்குக் காரணம், ஒரு முயற்சி தோற்றாலும் அடுத்த படத்தில் அதைத் தொடர்ந்ததே. அரசியலில் அத்தொடர்ச்சியை இனித்தான் அவர் மெய்ப்பிக்க வேண்டும். கழிமுகத்துக்கு ஒருமுறை செல்வது செய்தியாகும். ஆண்டுதோறும் அதைப் பற்றி அவையில் கேள்வி எழுப்புவதே தீர்வுக்கு வழிவகுக்கும்.

எண்ணூரின் கழிமுகத்துக்கு நேர்ந்தது மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவெளிக்கு நேரக்கூடாது. மழைக்கால வாழ்வாதாரம், மருத்துவ வசதி, உப்புக்கு உரிய விலை ஆகியவை உப்பளத் தொழிலாளர்களின் எளிய தேவைகள். மத்திய அரசிடம் இவற்றை வலியுறுத்தும் வாய்ப்பு இப்போது அவருக்கு வாய்த்திருக்கிறது. புதிய கருவிகளுக்காகச் சொத்தை ஈடுவைத்தவர், உப்பு விளைவிக்கும் கைகளுக்காகத் தம் குரலை ஈடுவைப்பாராக.