மரம் அறுத்த எஞ்சின் வானேறிய வரலாறு

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் விமானத்தளம் திறக்கப்பட்டது 1935-ஆம் ஆண்டில். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரெஜினால்ட் டென்னி என்னும் திரைப்பட நடிகர், வானொலி அலையால் இயங்கும் சிறு விமானமொன்றைத் தரைப்படையினர் முன் பறக்கவிட்டுக் காட்டினார். பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் தொடங்கிய நிறுவனம் ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்களைச் செய்தளித்தது. எடை குறைந்து ஆற்றல் மிகுந்த சிற்றெஞ்சினுக்குத் தேவை பெருகிற்று.

வானில் எழுந்த இத்தேவை வனத்திலும் எழுந்திருந்தது. ஜெர்மானியரான ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1929-இல் செய்த பெட்ரோல் சங்கிலி ரம்பம் 46 கிலோ எடையுள்ளது. அதனைத் தூக்க இருவர் வேண்டும். 1950-இல் ஒருவரே கையாளத்தக்க 16 கிலோ ரம்பமும், 1959-இல் 12 கிலோ ரம்பமும் அவர் நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. அமெரிக்காவில் மெக்கல்லக் நிறுவனம் 1949-இல் 25 இராத்தல் எடையுள்ள ரம்பத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இலக்கு விமானங்களுக்கு எஞ்சின் செய்து தந்ததும் அதே நிறுவனந்தான். வானுக்கும் வனத்துக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

ரம்ப எஞ்சின் விமானத்துக்கு ஏற்றதாக அமைந்ததன் காரணம் யாது? மரம் வெட்டுவோன் ரம்பத்தை நிமிர்த்தியும் சாய்த்தும் பிடிப்பான். மிதவையுள்ள பழைய கார்புரேட்டர் சாய்ந்தால் எரிபொருள் ஒழுங்காகச் செல்லாது. எனவே மிதவைக்கு மாற்றாக மெல்லிய சவ்வு அமைந்த கார்புரேட்டர் ரம்பங்களில் இடம்பெற்றது. எப்பக்கம் சாய்ந்தாலும் அது எரிபொருள் தரும். வானில் குட்டிக்கரணம் போடும் மாதிரி விமானத்துக்கு வேண்டிய பண்பும் இதுவே அன்றோ?

மாதிரி விமானங்களில் 1947 முதல் குளோ பிளக் எஞ்சின்கள் பரவியிருந்தன. அவற்றுக்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் வேண்டும். விமானம் பெரிதாகப் பெரிதாக அச்செலவும் வளர்ந்தது. 1970-களுக்குப் பின், இறக்கை 80 அங்குலத்தையும் கடந்த பெரிய மாதிரிகளைச் செய்தோர், எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் ரம்ப எஞ்சினையும் புல்வெட்டி எஞ்சினையும் நாடினர். ஜப்பானிய ஜெனோவா நிறுவனத்தின் 62 கன சென்டிமீட்டர் எஞ்சின் இவ்வகையில் பெயர் பெற்றது.

எதை விடுப்பது, எதை வைப்பது என்பதே மாற்றுவோரின் கலை. சங்கிலி, அதைத் தாங்கும் அலகு, கிளட்ச், சங்கிலிக்கு எண்ணெய் ஊட்டும் பம்பு ஆகியவை நீக்கப்படும். எஞ்சினைக் குளிர்விக்கச் சக்கரத்தில் அமைந்த தகடுகளும் தேவையில்லை. முன்னே சுழலும் விசிறியின் காற்றே அவ்வேலையைச் செய்துவிடும். ஆயினும் அச்சக்கரத்தின் காந்தமே தீப்பொறிக்கு மூலம். அதையும் நீக்கினால் மின்கலத்தில் இயங்கும் பொறியமைப்பு வேண்டும். பின்னர் கிராங்க் தண்டில் விசிறிக்குரிய குடம் பொருத்தப்படும். அது அச்சுப் பிசகாமல் அமையவேண்டும். பெரிய விசிறி கழன்று பறந்தால் உயிருக்கே ஊறு நேரும். எனவே இது விளையாட்டுப் பொருளாயினும் விளையாட்டன்று.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ரம்பத்தின் அதிர்வைத் தாங்கித் தாங்கிப் பல நாட்டுக் காட்டுத் தொழிலாளரின் விரல்கள் இரத்தவோட்டம் குன்றி வெளுத்தன. வெண்விரல் நோய் என்பது அதன் பெயர். 1960-களில் அதிர்வு தடுக்கும் கைப்பிடிகள் தோன்றியது அதன் பிறகே. மாதிரி விமானத்திலும் அதே அதிர்வு பசையிட்ட மூட்டுகளைத் தளர்த்தும். எனவே எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் மெத்தை வைப்போர் உண்டு. மலேசியக் காட்டில் மெராந்தி மரத்தை வீழ்த்தும் தொழிலாளியும், திடலில் விமானம் பறக்கவிடும் இளைஞனும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இவன் சாய்த்துத் திருப்பிப் பறக்கவிடும் விமானத்தின் இதயம், அவன் சாய்த்துத் திருப்பி அறுப்பதற்காகவே உருவானது. பொழுதுபோக்கின் பின்னே உழைப்பின் வரலாறு நிற்கின்றது.